விளக்கு எரிந்தால் போதுமா?
இரண்டாம் படிவ மின்னணுப் பாடம் குறித்த ஒரு மதிப்பீடு

மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் 2017ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டம், நெடுங்காலம் கற்பிக்கப்பட்டு வந்த வாழ்வியல் திறன் பாடத்தைப் படிப்படியாக நீக்கி, அதன் இடத்தில் ‘ரேக்கா பெந்தோக் டான் தெக்னோலோகி’ எனப்படும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தை வைத்தது. முதலாம் படிவத்தில் தொடங்கிய அப்பாடம் 2018இல் இரண்டாம் படிவத்தை எட்டியது. இயந்திரம், மின்சாரம், மின்னணுவியல், உணவு, ஆடை எனப் பல துறைகளை அப்படிவத்துப் பாடம் தொட்டுச் செல்கிறது. அவற்றுள் மின்னணு வடிவமைப்பு என்னும் பகுதி, பதினான்கு வயது மாணவர் ஒருவர் தம் கையாலேயே ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை அமைத்து இயக்கிப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு நிறைவேறுகிறது, நிறைவேறாத இடத்தில் குறை எங்கே இருக்கிறது என்பன ஆராயத்தக்கவை.

முதலில் பாடத்திட்டத்தின் சிறப்பைச் சொல்லிவிடுதல் முறையாகும். நுண்கட்டுப்படுத்தி, நுண்செயலி ஆகியவற்றைப் பற்றி அறிதல், மின்சுற்றை மென்பொருளின் துணையால் வரைதல், உள்ளீட்டையும் வெளியீட்டையும் நுண்கட்டுப்படுத்தியுடன் இணைத்தல், எளிய நிரல் எழுதுதல், செய்ததைச் சோதித்து மேம்படுத்துதல் என்பன இப்பகுதியில் இடம்பெறுகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னர் தொழிற்கல்லூரி மாணவர்க்கு மட்டுமே உரியதாக இருந்த அறிவைக் கீழ்ப்படிவ மாணவரின் மேசை மேல் கொண்டுவந்து வைத்த துணிவு பாராட்டுக்குரியது. இங்கிலாந்தில் 2013இல் வெளியிடப்பட்ட தேசியக் கலைத்திட்டமும், பதினொரு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள மாணவர்கள் தாம் செய்யும் பொருள்களில் நுண்கட்டுப்படுத்தி போன்ற நிரலாக்கத்தக்க உறுப்புகளைப் பயன்படுத்த வேண்டும் என்றே வகுத்தது. 2016இல் பி.பி.சி. நிறுவனம் ‘மைக்ரோபிட்’ என்னும் சிறு கருவியை உருவாக்கி, அந்நாட்டில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்க ஏற்பாடு செய்ததும் இந்நோக்கத்தின் வழிப்பட்டதேயாகும். ஆகவே மலேசியப் பாடத்திட்டம் உலகின் போக்குக்குப் பின்தங்கியது என்று எவரும் கூற முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பல வகுப்பறைகளில் இப்பாடம் நடைபெறும் முறையைக் கவனித்தால் அது விளங்கும். ஆசிரியர் ‘ஆர்டுவினோ’ பலகை ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கிறார். எந்த நிறக் கம்பியை எந்தத் துளையில் செருக வேண்டும் என்பது படமாக முன்னே இருக்கிறது. நிரலும் அச்சாகவே கிடைக்கிறது. மாணவர் படத்தைப் பார்த்துச் செருகுகிறார், அச்சைப் பார்த்துத் தட்டெழுதுகிறார், எல்.இ.டி. விளக்கு எரிகிறது. வகுப்பில் மகிழ்ச்சி ஆரவாரம் எழுகிறது. நிழற்படம் எடுத்து அறிக்கையில் ஒட்டியபின் செயல்திட்டம் முடிந்துவிடுகிறது. விளக்கு ஏன் எரிந்தது என்று கேட்டால், ‘நிரலில் அப்படி எழுதியிருக்கிறது’ என்பதே விடையாக வருகிறது. மாணவர் தாமாக எடுத்த முடிவு என்று சொல்லத்தக்க ஒன்றுகூட அந்தச் செயல்திட்டத்தில் இல்லை. இதுவே இப்பாடத்தின் தலையாய குறையாகும்.

கட்டுப்பாடு என்னும் கருத்தின் உட்பொருளை மொழியே காட்டித் தருகிறது. மலாய்ப் பாடநூல் நுண்கட்டுப்படுத்தியை ‘மிக்ரோபெங்காவால்’ என்று அழைக்கிறது. அதன் அடிச்சொல் ‘காவால்’. இம்மலாய்ச் சொல் தமிழ்ச் சொல்லாகிய ‘காவல்’ என்பதிலிருந்து வந்ததாகும். காவல் காப்பவன் என்ன செய்கிறான்? பார்க்கிறான், பார்த்ததை அளந்து முடிவு செய்கிறான், முடிவுக்கேற்பச் செயல்படுகிறான், செயலின் பயன் யாதென மீண்டும் பார்க்கிறான். தோட்டத்து மக்களுக்குப் பழக்கமான ‘கங்காணி’ என்னும் சொல்லும் கண்காணித்தல் என்பதன் அடியாகப் பிறந்ததே. 1948இல் நார்பர்ட் வீனர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இத்துறைக்குப் பெயர் சூட்ட விரும்பியபோது, கப்பலின் சுக்கானைப் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே தேர்ந்தெடுத்தார். தமிழ் அவனை மீகாமன் என்னும். கப்பல் எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்து, விலகியதற்கேற்பச் சுக்கானைத் திருப்பி, திருப்பியது போதுமா என்று மறுபடியும் பார்ப்பதே அவன் தொழில். காவலனாயினும் கங்காணியாயினும் மீகாமனாயினும், பார்வை இல்லாதபோது தொழில் இல்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு வகுப்பறையில் மிகுதியாகச் செய்யப்படும் செயல்திட்டமாகிய போக்குவரத்துச் சமிக்ஞை விளக்கை அளந்து பார்க்கலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய மூன்று எல்.இ.டி. விளக்குகள், மூன்று மின்தடைகள், ஒரு பலகை ஆகியவை போதும். நிரல் சிவப்பை ஐந்து விநாடியும் பச்சையை ஐந்து விநாடியும் எரியவிடும். இதில் வெளியீடு இருக்கிறது, உள்ளீடு இல்லை. சாலையில் வண்டி நின்றாலும் நில்லாவிட்டாலும் விளக்கு தன் போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். உண்மையான சந்திப்புகள் பலவற்றில் சாலைக்கடியில் புதைக்கப்பட்ட கம்பிச்சுருள், மேலே நிற்கும் வண்டியின் உலோகத்தை உணர்ந்து செய்தி அனுப்புகிறது; அதற்கேற்பவே பச்சை நீள்கிறது அல்லது குறைகிறது. மாணவர் செய்யும் விளக்கோ கண்ணில்லாத காவலன். முதல் நாள் பாடமாக, கம்பி செருகவும் நிரல் எழுதவும் கை பழகுவதற்கு அது நன்று. விளக்கு எரியக் காணும் மகிழ்ச்சியைப் பிள்ளைக்கு மறுத்தல் கூடாது. ஆனால் முதற்படியையே மாடி என்று எண்ணி அங்கே நின்றுவிடுவதுதான் தவறு.

அவ்வாறாயின் எத்தகைய செயல்திட்டம் பொருத்தமானது? அதைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாளையொட்டிப் பெய்த பெருமழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் இடையே ஆற்றையொட்டிக் கிடக்கும் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் மாடி வரை ஏற, மக்கள் கூரைகளிலும் மேல்தளங்களிலும் தங்கி உதவிக்குக் காத்திருந்தனர். அவ்வட்டாரப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளில் பலர் அந்த இரவைத் தம் வீட்டிலேயே கண்டவர்கள். நீர் ஏறுவதை முன்கூட்டி அறிவிக்கும் கருவி ஒன்றைச் செய்க என்று அவர்களிடம் சொன்னால், அது எதற்கு என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

நீர்ப்பாசன வடிகால் துறை, ஆற்று நீர்மட்டத்தை நான்கு நிலைகளாகப் பகுத்துப் பொதுமக்களுக்கு அறிவிக்கிறது. வழக்கநிலை, விழிப்புநிலை, எச்சரிக்கை நிலை, அபாய நிலை என அவற்றைத் தமிழில் சொல்லலாம். நான்கு நிலைகளைப் பிரிக்க மூன்று வரம்புகள் போதும். இதை அப்படியே ஒரு வாளியில் செய்து காட்ட முடியும். வாளியின் அடியில் பொதுக் கம்பி ஒன்று. அதற்குமேல் ஐந்து, பத்து, பதினைந்து சென்டிமீட்டர் உயரங்களில் முனை திறந்த மூன்று செப்புக் கம்பிகள். நீர் ஒரு கம்பியைத் தொட்டதும் பொதுக் கம்பியிலிருந்து அதற்குச் சிறிதளவு மின்னோட்டம் செல்லும். குழாய் நீர் மின்சாரத்தை ஓரளவுதான் கடத்தும். ஆகையால் அவ்வோட்டம் மிகச் சிறியது. அதனை ஒரு டிரான்சிஸ்டரின் அடிவாய்க்குச் செலுத்தினால் பன்மடங்கு பெரிய ஓட்டமாகப் பெருகி விளக்கை எரியவைக்கும். இவ்வளவும் பேட்டரியால் நடப்பது. வீட்டு மின்சாரம் இதில் தலைகாட்டவே கூடாது.

நுண்கட்டுப்படுத்திப் பலகை இந்தக் கட்டத்தில் இன்னும் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பாடத்திட்டத்தின் வரிசை, பொருள் வரையறையிலும் கருவியின் பாகங்களிலும் தொடங்குகிறது. தீர்க்க வேண்டிய சிக்கல் இன்னதென்று அறியுமுன்னரே, தீர்க்கும் கருவியின் பாகங்களை மனப்பாடம் செய்யும் நிலை மாணவர்க்கு ஏற்படுகிறது. மருத்துவர் நோயைக் கேளாமலேயே மருந்துப்பெட்டியைத் திறந்து காட்டுவது போன்றது இது. வாளியிலிருந்து தொடங்கினால் பலகையின் தேவை தானாகவே எழும். மூன்று கம்பிகளில் எது நனைந்தது, எது நனையவில்லை என்று ஒருங்கே பார்த்து முடிவெடுக்க ஒரு டிரான்சிஸ்டரால் இயலாது என்று தெரியும்போது, மாணவரே பலகையைக் கேட்பார்.

பலகை வந்தபின் எழும் கேள்விகளே இப்பாடத்தின் உயிர். ஒவ்வொரு கம்பிக்கும் நனைந்தது, நனையாதது என இரு நிலை உண்டு. மூன்று கம்பிக்கு எட்டு நிலைகள். அவற்றுள் நான்குதான் இயற்கையில் நிகழக்கூடியவை: எதுவும் நனையாதிருத்தல், கீழ்க்கம்பி மட்டும் நனைதல், கீழிரண்டும் நனைதல், மூன்றும் நனைதல். மேல்கம்பி நனைந்திருக்க, கீழ்க்கம்பி நனையாதிருத்தல் எவ்வாறு கூடும்? கூடாது. அவ்வாறு பலகை சொல்லுமாயின், எங்கோ கம்பி அறுந்திருக்கிறது அல்லது துரு ஏறியிருக்கிறது என்பதே பொருள். ஆக, எஞ்சிய நான்கு நிலைகளும் கருவி தன் நோயைத் தானே சொல்லும் வழிகளாகின்றன. பதினான்கு வயது மாணவர் ஒருவர் எட்டு நிலைகளையும் தாளில் எழுதி, ‘இது நடக்கும், இது நடக்காது’ என்று தாமே பிரிப்பாராயின், அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கற்பது, அச்சு நிரலைப் பத்து முறை தட்டெழுதினும் கிட்டாது.

அடுத்த கேள்வி நீரின் அலை பற்றியது. நீர் சரியாக வரம்பை ஒட்டி நிற்கும்போது சிறு அலையும் கம்பியைத் தொட்டுத் தொட்டு விலகும். ஒலிப்பான் விட்டுவிட்டுக் கத்தும். இரவெல்லாம் இவ்வாறு கத்தும் கருவியை வீட்டார் காலையில் கழற்றி எறிவர். இதற்குத் தீர்வு, கருவி ஒலிக்கத் தொடங்கும் வரம்பையும் நிற்கும் வரம்பையும் வெவ்வேறாக வைப்பதாகும். பத்து சென்டிமீட்டரில் ஒலிக்கத் தொடங்கினால், ஐந்துக்குக் கீழ் இறங்கிய பின்னரே நிற்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நொடிக்கொரு முறை இயங்கி நிற்காமல், சிறிது நேரம் ஓடிச் சிறிது நேரம் ஓய்வதும் இந்த நெறியால்தான். பாடநூலில் இந்நெறிக்குரிய பெயரைத் தேடுவதைவிட, ஒலிப்பானின் தொல்லையை மாணவர் காதால் கேட்டுத் தீர்வை அவரே கண்டறிவது மேலானது.

மூன்றாவது கேள்வி, கருவி எத்தனை முறை பார்க்க வேண்டும் என்பது. கம்பிகளில் இடைவிடாது ஒரே திசையில் மின்னோட்டம் செல்லுமானால் மின்பகுப்பு நிகழ்ந்து, சில நாள்களிலேயே ஒரு கம்பி அரிக்கப்பட்டுவிடும். பலகை பார்க்கும் கணத்தில் மட்டும் மின்னோட்டத்தைச் செலுத்தி, மற்ற நேரத்தில் நிறுத்திவிட்டால் அரிப்பு குறையும், பேட்டரியும் நீடிக்கும். ஆயின் அதுவரை நீர் எவ்வளவு ஏறிவிடும்? நிமிடத்துக்கு ஒரு முறை போதுமா, மணிக்கு ஒரு முறை போதுமா? இதற்கு விடையை நிரலில் தேட முடியாது; ஆற்றைப் பற்றிய அறிவிலிருந்தே பெற வேண்டும். அறிவியலும் புவியியலும் மின்னணுப் பாடமும் ஒரே வாளியில் வந்து கூடும் இடம் இதுதான்.

எல்லாவற்றினும் பெரிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. பொதுக் கம்பியே அறுந்துவிட்டால் என்ன ஆகும்? மூன்று கம்பிகளும் நனையாதவை போலவே தோன்றும். நீர் கழுத்துவரை வந்தாலும் கருவி ‘வழக்கநிலை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஓசையற்ற கருவியை நம்பி உறங்குபவனைவிடக் கருவியே இல்லாதவன் பாதுகாப்பானவன். அவன் விழித்தாவது இருப்பான். போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் வைக்கப்படும் நீர்மட்ட எச்சரிக்கைக் கருவிகளை மதிப்பிடும் நடுவர், கம்பி ஒன்றைக் கத்தரித்துவிட்டு என்ன நிகழ்கிறது என்று பார்ப்பாராயின், பரிசுகள் சில இடம் மாறக்கூடும்.

இதே கேள்வியை இரயில் பொறியாளர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பி விடையும் கண்டனர். 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் தண்டவாளத்தையே மின்சுற்றாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத் துண்டின் ஒரு முனையில் பேட்டரி. மறுமுனையில் ஒரு மின்காந்த ‘ரிலே’. பாதை வெறுமையாக இருக்கும்போது ஓட்டம் இடைவிடாது சென்று ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும். அதனால் பச்சை எரியும். வண்டி வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ஓட்டம் ரிலேயை எட்டாமற் போகும், ரிலே விழும், சிவப்பு எரியும். இதன் நுட்பம் யாதெனில், கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் முறிந்தாலும் அதே சிவப்புத்தான் எரியும். பழுது நேரும்போதெல்லாம் கருவி ஆபத்தில்லாத பக்கமே சாய்கிறது.

இம்முறையை வாளிக்கும் கொண்டு வரலாம். ஆற்றின் அடியில் எப்போதும் நீர் இருப்பதுபோல வாளியின் அடியிலும் நீர் இருக்கட்டும். எந்நேரமும் நீரில் இருக்க வேண்டிய நான்காம் கம்பி ஒன்றை அங்கே வைத்தால், அது ‘நனையவில்லை’ என்று சொல்லும் கணமே பொதுக் கம்பியில் பழுது என்று அறிந்துகொள்ளலாம். ஒரு முழக் கம்பி கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. பிரிக்பீல்ட்ஸ் இரயில் குடியிருப்புகளிலும் செந்தூல் பணிமனையிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழரின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அயலானதன்று. பாட்டனார் காத்த சமிக்ஞையின் அடிக்கருத்தைப் பேரன் மேசை மேல் செய்து பார்க்கிறான் என்றே கொள்ளலாம்.

சிறு வாளியில் கற்றது பெரும் பணிகளுக்கும் பொருந்துமா என்று ஐயுறுவோர் கோலாலம்பூரின் ‘ஸ்மார்ட்’ சுரங்கத்தை நோக்கலாம். 2007இல் திறக்கப்பட்ட, 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கம், வெள்ள நீரைத் திருப்பிவிடும் வழியாகவும், அதன் ஒரு பகுதியில் வண்டிகள் செல்லும் சாலையாகவும் பயன்படுகிறது. மழை குறைவாயின் சுரங்கத்துள் நீர் விடப்படுவதில்லை. மிதமாயின் சாலைக்குக் கீழுள்ள வழியில் நீர் செல்லும். மேலே வண்டிகளும் செல்லும். பெருவெள்ளமாயின் வண்டிகள் அனைத்தும் வெளியேற்றப்பட்ட பின்னரே கதவுகள் திறந்து நீர் விடப்படுகிறது. அளந்து பார்த்தல், வரம்போடு ஒப்பிடுதல், நிலைக்கேற்பச் செயல்படுதல், ஐயம் எழுந்தால் ஆபத்தில்லாத பக்கம் சாய்தல் ஆகியவையே அங்கும் நடைபெறுகின்றன. அளவு பெரிது, நெறி ஒன்றே.

இவ்வாறு கற்பிக்க வேண்டும் என்று கூறும்போது ஆசிரியர் தரப்பிலிருந்து மூன்று மறுப்புகள் எழுதல் இயல்பு. அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

முதலாவது, ஆசிரியரின் பயிற்சி. பழைய வாழ்வியல் திறன் பாடத்தில் தொழில்நுட்பம், மனையியல், வேளாண்மை, வணிகம் என விருப்பப் பிரிவுகள் இருந்தன. தையலும் சமையலும் கற்பிக்கப் பயிற்சி பெற்றவரும், பயிர் வளர்ப்பில் தேர்ந்தவரும் புதிய பாடம் வந்தபோது டிரான்சிஸ்டரையும் நிரலையும் கற்பிக்கும் நிலைக்கு ஆளாயினர். அச்சு நிரலை அவர்கள் பற்றிக்கொள்வது சோம்பலால் அன்று, அச்சத்தால். மாணவர் ‘ஏன்’ என்று கேட்டால் விடை தெரியாதே என்னும் அச்சம் அது. இதற்கு மருந்து, ஆசிரியருக்கான பட்டறைகளில் அழகிய செய்முறைக் காட்சிகளை நடத்துவதன்று. பழுதான மின்சுற்று ஒன்றைக் கொடுத்து, பழுதைக் கண்டுபிடியுங்கள் என்று அவர்களையே தேடவிடுவதுதான். பேட்டரியிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இடமாக அளந்து செல்லும் பொறுமையைக் கற்றுக்கொண்ட ஆசிரியர், விடை தெரியாத கேள்விக்கு அஞ்சார். மாணவரோடு சேர்ந்து தேடுவார்.

இரண்டாவது, காலம். வாரத்தில் சில பாடவேளைகளுக்குள் பல துறைகளை முடிக்க வேண்டிய பாடத்தில், ஒரு வாளிக்கு ஆறு வாரம் தர இயலுமா என்பர். இயலாது எனின், மின்சாரப் பகுதியையும் மின்னணுப் பகுதியையும் இரு செயல்திட்டங்களாகப் பிரிக்காமல் ஒன்றாக இணைக்கலாம். கம்பி, மின்தடை, டிரான்சிஸ்டர் வரை முதற்பகுதி; பலகையும் நிரலும் இரண்டாம் பகுதி. மூன்று சிறு செயல்திட்டங்களை மேலோட்டமாகச் செய்வதினும் ஒன்றை அடிவரை தோண்டுவதே பயன் தரும்.

மூன்றாவது, பொருள். கோலாலம்பூரில் புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் மின்தடையும் டிரான்சிஸ்டரும் சில்லறையாகக் கிடைக்கும் கடைகள் வரிசையாக உள்ளன. வாளியும் செப்புக் கம்பியும் எங்கும் கிடைப்பன. நால்வர்க்கு ஒரு பலகை போதும். ஏனெனில் நேரத்தின் பெரும்பகுதி தாளில் நிலைகளை எழுதுவதிலும் கம்பியைச் சோதிப்பதிலும் கழியும். பெருஞ்செலவில் வாங்கப்படும் ஆயத்த இயந்திர மனிதப் பெட்டிகள், தேர்ந்தெடுக்கப்பட்ட சில மாணவரைப் போட்டிக்கு அனுப்பப் பயன்படுகின்றன. அவர்கள் வெல்வது பள்ளிக்குப் பெருமையே. ஆனால் அப்பெட்டியைத் தொட்டுப் பாராத மற்ற மாணவரும் பள்ளியின் பிள்ளைகளே என்பது மறக்கப்படலாகாது.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு பெரிது. நாட்டின் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழியில் பாடம் கேட்கின்றனர். சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வருகின்றனர். ஆர்டுவினோ நிரலின் சொற்களோ ஆங்கிலம். தமிழில் எண்ணி, மலாயில் கேட்டு, ஆங்கிலத்தில் நிரல் எழுதும் பிள்ளைக்கு, எண்ணும் மொழியில் கருத்து தெளிவாக இராவிடில் மற்ற இரண்டும் வெறும் ஓசையாகிவிடும். தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்புகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ தமிழிலேயே கற்பிக்கப்படுகிறது. உணரி, வரம்பு, உள்ளீடு, வெளியீடு, பின்னூட்டம் ஆகிய சொற்களை அங்கேயே பொருளோடு பழக்கிவிட வேண்டும். ‘நீர் கம்பியைத் தொட்டால் ஒலி எழுப்பு, தொடாவிட்டால் அமைதியாக இரு’ என்று ஒரு பிள்ளை தமிழில் பிழையின்றி எழுதக் கற்றுவிட்டால், அதன்பின் எந்த மொழியின் நிரலும் அதற்குக் கடினமாகாது. ‘ஆல்’, ‘ஆவிடில்’ என்னும் நிபந்தனை விகுதிகளைக் கற்பிக்கும் இலக்கண வகுப்பே நிரலின் முதல் வகுப்பு என்று கூறினும் மிகையாகாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பது மட்டும் இப்பணியை நிறைவேற்றாது. வாளியருகே நின்று, நடப்பதைத் தமிழில் சொல்லச் செய்வதே நிறைவேற்றும்.

மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். மூன்றாம் படிவத்துக்கான பி.தி.3 தேர்வு 2022இல் கைவிடப்பட்டபின், கீழ்ப்படிவங்களில் மதிப்பீடு பெரிதும் பள்ளியின் கையில் இருக்கிறது. ஆகவே அறிக்கையின் அழகையும் நிழற்படத்தின் தெளிவையும் பார்த்து மதிப்பெண் இடும் பழக்கத்துக்கு இனிப் பொதுத்தேர்வைக் காரணம் காட்ட இயலாது. குழுவை அழைத்து, இந்த வரம்பை ஏன் இங்கே வைத்தீர்கள், அலை அடித்தால் என்ன செய்யும், எத்தனை முறை பார்க்கும், இந்தக் கம்பியை இப்போது பிடுங்கினால் என்ன ஆகும், ஏன் ஆகும் என்று ஐந்து நிமிடம் கேட்டால் போதும். விடை சொல்லத் தெரிந்த பிள்ளையின் விளக்கு எரியாவிட்டாலும் அவர் கற்றவரே. விடை தெரியாதவரின் விளக்கு எரிந்தாலும் அவர் இன்னும் கற்க வேண்டியவரே.

ஷா ஆலாமிலும் கிள்ளான் துறைமுகத்திலும் உள்ள தொழிற்சாலைகளில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வேலை செய்கின்றனர். அங்கே இயந்திரத்தின் பொத்தானை அழுத்துபவருக்கு ஒரு கூலி; இயந்திரம் ஏன் நின்றது என்று கண்டறிபவருக்கு வேறு கூலி. முன்னவருடைய இடத்தை நாளை மற்றோர் இயந்திரம் பிடித்துக்கொள்ளலாம். பின்னவரின் இடம் எளிதில் பறிபோகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரின் விளிம்பில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு சோற்றுக்கும் வாழ்வுக்கும் உரிய வேறுபாடாகும். அச்சு நிரலைப் பெயர்த்தெழுதும் பாடம் அவர்களைப் பொத்தான் அழுத்தவே ஆயத்தம் செய்கிறது.

2027ஆம் ஆண்டில் முதலாம் படிவத்துக்குப் புதிய கலைத்திட்டம் தொடங்கும் என அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கெனப் பாடநூல் எழுதுவோரும் பயிற்சி நடத்துவோரும் மின்னணுப் பகுதிக்கு ஒரு விதியை வகுத்துக்கொள்வாராயின் பெரும்பயன் விளையும். மாணவரே எண்ணி முடிவு செய்ய வேண்டிய ஒன்றேனும் இல்லாத எதனையும் கட்டுப்பாட்டுச் செயல்திட்டம் என்று அழைத்தல் கூடாது என்பதே அவ்விதி. அதுவரையில், இப்போதுள்ள பாடத்திட்டத்துக்குள்ளேயே இதைச் செய்து பார்க்க எந்தத் தடையும் இல்லை. ஒரு வாளியும் நான்கு கம்பிகளும் கொண்டு அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.